சேலத்திலிருந்து ஒருநாள் பயணம்: கோயில், ஏரி, மலை. வயசானவங்களோட எப்படிப் போறது?

சூரமங்கலத்தான்
வணக்கம். அரையாண்டு லீவுக்குச் சென்னையிலிருந்து அக்கா குடும்பம் வருது. அப்பா, அம்மா எங்ககூடத்தான் இருக்காங்க. அம்மாவுக்கு மூட்டு வலி, படி ஏறுறது சிரமம். ஆனா சாமி பார்க்கணும்னா எங்க கூப்பிட்டாலும் கிளம்பிடுவாங்க. பசங்களுக்குப் படகும் குளிரும் வேணும், மச்சானுக்கு அருவி. ஏழு பேர் உட்கார்ற வண்டி இருக்கு. வெளிய தங்குறதில்ல. அப்பாவுக்குப் புது இடத்துல தூக்கம் வராது, ராத்திரி வீட்டுக்கு வந்துடணும்.

நான் போட்டு வச்சிருக்கிறது இது. ஒரு நாள் உடையாப்பட்டி கந்தாஸ்ரமம், முத்துமலை முருகன், அப்படியே ஏற்காடு. அடுத்த நாள் நாமக்கல் ஆஞ்சநேயர், கொல்லிமலை அறப்பளீஸ்வரர், ஆகாய கங்கை. இன்னொரு நாள் தாரமங்கலம், மேட்டூர், பவானி, திருச்செங்கோடு. சரியா வருமா? ஏற்காட்டுக்கும் இப்ப இ-பாஸ் வேணுமா?

கன்னங்குறிச்சி அக்கா
இ-பாஸ் கவலை வேண்டாம் தம்பி. 2024 மே 7-லிருந்து உயர் நீதிமன்ற உத்தரவுல வந்தது நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும்தான்.

உங்க திட்டத்துல ஊர் எல்லாம் நல்ல ஊருதான். நடை சாத்துற நேரத்தைத்தான் கணக்குல எடுத்துக்கல. கடைசி நாளைப் பாருங்க. தாரமங்கலத்துல காலையில தரிசனம், மேட்டூர்ல பதினொண்ணரை. அங்கிருந்து பவானி போனா நடை சாத்தியிருக்கும். சாயங்காலம் திறக்கிற வரைக்கும் வெயில்ல காருக்குள்ள உட்கார்ந்திருக்கணும். அப்புறம் திருச்செங்கோட்டு மலை மேல போறப்ப ராத்திரி ஆயிடும். மூட்டு வலிக்காரங்களுக்கு நடக்கிறதைவிட வண்டியில காலை மடக்கி உட்கார்ந்தே இருக்கிறதுதான் அதிகக் கஷ்டம்.

ஒரு நாளைக்கு ஒரே திசை. கோயில் காலையில, தண்ணியும் மலையும் மத்தியானத்துக்கு மேல. மார்கழியில விடியறதுக்கு முன்னாடியே நடை திறந்துடுவாங்க, அது உங்களுக்குச் சௌகரியம். ஆறு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புனா பத்து மணிக்குள்ள ரெண்டு சன்னிதி நிதானமா பார்த்துடலாம்.

பஸ்பிரியன்
அக்கா சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கறேன். ஏற்காட்டுக்குக் கார் வேணும்னே இல்ல. சேலத்திலிருந்து நாள் முழுக்க பஸ் ஓடுது, 30 கி.மீ. சுமார்தான், 20 கொண்டை ஊசி வளைவு. ஏரிக்கரைக்குப் பக்கத்துலயே இறங்கிடலாம். நிறுத்த இடம் தேடி அலையுற வேலை இல்லை. லீவு நாள்ல ஏரியைச் சுத்தி வண்டி நகராம நிக்கும், அப்ப நடக்கிறவன்தான் சீக்கிரம் போவான்.

சேர்வராயன் கோயில் மட்டும் ஏரியிலிருந்து தூரம். அதுக்கு ஆட்டோவோ ஜீப்போ பேசிக்கணும்.

சூரமங்கலத்தான்
நன்றி. பஸ்ல அம்மாவைக் கூட்டிட்டுப் போறது முடியாதுங்க, படிக்கட்டு உயரம். காரேதான். முத்துமலையும் ஏற்காடும் ஒரே நாள் வேண்டாம்னு சொல்றீங்களா? முருகன் சிலையைப் பார்க்கணும்னு அம்மா ரொம்ப நாளா கேட்டுட்டு இருக்காங்க.

ராசிபுரம் நெய்
முடியாதுன்னு இல்ல. முத்துமலை ஆத்தூர் ரோட்டுல வாழப்பாடி தாண்டி, புத்திரகவுண்டன்பாளையத்துல இருக்கு. அங்க பார்த்துட்டு அயோத்தியாபட்டணம் வரைக்கும் திரும்பி வந்து, குப்பனூர் வழியா மலை ஏறிடலாம். சேலத்துக்குள்ள வந்து அடிவாரம் போக வேண்டியதில்லை. கொட்டச்சேடு பக்கம் காப்பித் தோட்டமெல்லாம் பார்த்துக்கிட்டே போகலாம், கூட்டமும் குறைவு. சீசன் நாள்ல போலீஸே அடிவாரம் வழியா ஏத்தி, குப்பனூர் வழியா இறக்குற ஒருவழிப் பாதை போட்டுடுவாங்க. அன்னைக்கு மட்டும் இந்த யோசனை செல்லாது.

ஆனா அக்கா சொல்ற மாதிரி திசையைப் பிரிச்சுக்கிட்டா இன்னும் நல்லது. முத்துமலையிலிருந்து அப்படியே கிழக்கே போனா ஆத்தூர். அதுக்குப் பக்கத்துல முட்டல் ஏரி, வனத்துறை பராமரிப்புல படகு இருக்கு. ஏரியைத் தாண்டி ஆனைவாரி அருவி. பசங்களுக்குப் படகு, மச்சானுக்கு அருவி, அம்மாவுக்கு முருகன். எல்லாம் ஒரே ரோடு.

ஆத்தூர் கோட்டை
ராசிபுரம் அண்ணன் முட்டலைச் சொன்னதுல சந்தோஷம். எங்க ஊர்க்காரங்களே மறந்துட்டு ஏற்காட்டுக்கு ஓடுறாங்க. அருவியைப் பத்தி ஒரு எச்சரிக்கை மட்டும். 2021 அக்டோபர்ல ஆனைவாரியில திடீர்னு வெள்ளம் வந்து, கைக்குழந்தையோட ஒரு தாய் பாறையில மாட்டிக்கிட்டாங்க. இளைஞர்கள் சிலர் பாறை ஏறிப் போய்க் காப்பாத்துன வீடியோ நாடு முழுக்கப் போச்சு. நாம நிக்கிற இடத்துல வெயில் அடிக்கும், மேல கல்வராயன் மலையில மழை பெய்யும். தண்ணி நிறம் மாறி, இலையும் குச்சியும் அடிச்சுட்டு வந்தா அந்த நிமிஷமே கரையேறணும். வனத்துறை கேட்டைச் சாத்தி வச்சிருந்தா சண்டை போடாதீங்க.

முத்துமலைக்கு வெயிலுக்கு முன்னாடி போங்க. 2022 ஏப்ரல் 6 அன்னைக்குக் கும்பாபிஷேகம் ஆனதிலிருந்து விடுமுறை நாள் கூட்டம் குறையவே இல்ல. சிலை 146 அடி, மலேசியா பத்துமலை சிலையைவிட உயரம். அண்ணாந்து பார்க்கறதுக்கே நேரம் போயிடும். தளத்துல கல் சுட ஆரம்பிச்சா வெறுங்காலோட வயசானவங்க நிக்க முடியாது.

நாகலூர் மிளகு
நான் ஏற்காட்டு மலைக்காரன். கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கங்க.

ஏற்காடுன்னா எல்லாரும் ஏரி, படகு, லேடீஸ் சீட், பக்கோடா பாயிண்ட், மிளகாய் பஜ்ஜின்னு முடிச்சுக்கறாங்க. ஊர் இருக்கிறது சுமார் 1,500 மீட்டர் உயரத்துல. சேர்வராயன் கோயில் அதைவிட மேல, 1,600 மீட்டரைத் தாண்டி. இந்த மலைத்தொடருக்கே அந்தச் சாமி பேருதான். கோபுரம் கிடையாது. குகைக்குள்ள குனிஞ்சு போகணும், ஈரமா இருக்கும், உள்ள சேர்வராயனும் காவேரி அம்மனும். அந்தக் குகை காவிரி வரைக்கும் போகுதுன்னு எங்க பெரியவங்க சொல்லுவாங்க. மே மாசத் திருவிழாவுக்கு மலையில இருக்கிற அத்தனை ஊர்லேர்ந்தும் மலையாளி சனங்க வருவாங்க. பேரைக் கேட்டு கேரளான்னு நினைச்சுக்காதீங்க. மலையை ஆளுறவங்க, தமிழ் பேசற பழங்குடி மக்கள். தோட்டமும் பங்களாவும் வர்றதுக்கு முன்னாடியே இருந்தவங்க. 1820-கள்ல சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் காப்பி கொண்டு வந்ததுக்கு அப்புறம்தான் மத்ததெல்லாம்.

உங்க அம்மா குனிஞ்சு உள்ள போக முடியலேன்னா வாசல்லயே நின்னு கும்பிடலாம், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. வண்டி கோயிலுக்குப் பக்கத்துல வரைக்கும் போகும். மேல பரந்த புல்வெளி, காத்து பலமா அடிக்கும். ஸ்வெட்டர், காதுக்கு மஃப்ளர் கண்டிப்பா எடுத்துக்கங்க. டிசம்பர்ல மத்தியானம் மூணு மணிக்கே மேகம் இறங்கிடும். அதனால முதல்ல சேர்வராயன், அப்புறம் ஏரி. எல்லாரும் இதைத் தலைகீழாப் பண்றாங்க. மலை உச்சிக்கு வர்றப்ப பத்தடிக்கு அந்தப் பக்கம் எதுவும் தெரியாது.

அந்தப் புல்வெளியில ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நின்னு பாருங்க. உடைஞ்ச பாட்டில், பிரியாணி டப்பா, பிளாஸ்டிக் டம்ளர். சாமிக்கு முன்னாடி இருக்கிற இடம் அது. எங்க வீட்டுப் பெண்கள் செருப்பைக் கழட்டி வச்சுட்டு நடக்கிற இடத்துல கண்ணாடிச் சில்லு கிடக்கு. காலு கிழிஞ்ச பசங்களை நானே தூக்கிட்டுப் போய்க் கட்டு போட்டு விட்டிருக்கேன். வர்றவங்களை நாங்க வெறுக்கல, வந்தாத்தான் எங்களுக்கும் பிழைப்பு. கொண்டு வந்ததைத் திருப்பி எடுத்துட்டுப் போங்க, அதைத்தான் கேட்கறோம்.

கன்னங்குறிச்சி அக்கா
மிளகு தம்பி சொன்னதை எல்லாரும் படிக்கணும். மேல போடுற குப்பை எங்க வருதுன்னு தெரியுமா? எங்க வீட்டுக்குப் பக்கத்துல மூக்கனேரிக்கு. சேர்வராயன் மலைத் தண்ணிதான் எங்க ஏரிக்கு வரத்து. 2010 வாக்குல ஊர்ச் சனம் சேர்ந்து அந்த ஏரியைச் சீர்படுத்தி, நடுவுல திட்டுத் திட்டா மண் போட்டு மரம் வச்சாங்க. இப்ப நாரையும் கொக்கும் வந்து கூடு கட்டுது. திருமணிமுத்தாறும் அதே மலையில பிறந்துதான் ஊருக்குள்ள வருது. மேல ஒருத்தர் வீசுன பாட்டிலை கீழ வேற ஒருத்தர் பொறுக்க வேண்டியிருக்கு.

தாரமங்கலம் பெரியவர்
அன்பர்களுக்கு வணக்கம். ஒரு கருத்தை மனதில் பட்டபடி சொல்கிறேன். கோயில் தரிசனத்தையும் சுற்றுலாவையும் ஒரே நாளில் கலப்பதே எனக்கு உடன்பாடில்லை. படகில் போய்ச் சிரித்துக் கும்மாளமிட்டு, வழியில் கிடைத்ததைச் சாப்பிட்டு, அதே கையோடு சன்னிதிக்கு வருவது முறையா? கைலாசநாதர் கோயிலுக்கு வருகிறவர்களில் பலர் பத்து நிமிடத்தில் திரும்பிவிடுகிறார்கள். கேட்டால், மேட்டூர் போக வேண்டும் என்கிறார்கள்.

எங்கள் கோயில் இப்பகுதியை ஆண்ட கெட்டி முதலிகள் காலத்துத் திருப்பணி. மேற்கு பார்த்த சன்னிதி. மாசி மாதத்தில் சில நாட்கள் மாலை வெயில் நேரே உள்ளே வந்து சிவலிங்கத்தின் மீது விழும். மண்டபத்தில் வாலி, சுக்ரீவன் போரிடும் தூண் ஒன்று. அம்பு தொடுக்கும் இராமன் இன்னொரு தூணில். இராமன் நிற்குமிடத்திலிருந்து பார்த்தால் வாலி தெரிவான். வாலியின் இடத்திலிருந்து பார்த்தால் இராமன் தெரியமாட்டான். சிற்பி அந்தக் கோணத்தைக் கணக்கிட்டுத்தான் தூண்களை நிறுத்தியிருக்கிறான். சிங்கத்தின் வாய்க்குள் உருளும் கல் உருண்டை, கல்லிலேயே கடைந்த சங்கிலி, மேல் விதானத்தில் தாமரையும் கிளிகளும். இவற்றைப் பிள்ளைகளுக்கு நின்று காட்ட ஒரு மணி நேரமாவது வேண்டும். தம்பி, உங்கள் தாயாருக்கு இங்கே மலை ஏறும் சிரமம் இல்லை. தரையோடு தரையாக நடக்கலாம். அவசரப்படாமல் வாருங்கள்.

கன்னங்குறிச்சி அக்கா
ஐயா, உங்க ஆதங்கம் புரியுது. பத்து நிமிஷத்துல ஓடுறது தப்புதான். ஆனா கலக்கவே கூடாதுங்கறதை மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். ஆடிப் பதினெட்டுக்கு நம்ம சனங்க மேட்டூருக்கு எப்படிப் போவாங்க? காவிரியில முழுகி, புதுத் தாலிக்கயிறு மாத்தி, அணைக்கட்டு முனியப்பனுக்குப் பொங்கல் வச்சு, கெடா வெட்டி, அங்கயே மரத்தடியில ஆக்கித் தின்னு, பசங்க ராட்டினம் ஆடி, இருட்டுனதும் வீடு திரும்புவாங்க. அதுல சாமி எது, சந்தோஷம் எதுன்னு யாரும் பிரிச்சுப் பார்த்ததில்லை. கொல்லிமலையில அருவியில குளிச்சுட்டு ஈரத்துணியோடதான் அறப்பளீஸ்வரரைப் பார்க்கப் போறாங்க. நம்ம பக்கத்துச் சாமிங்க எல்லாம் தண்ணிக்கும் மலைக்கும் பக்கத்துலதான் குடியிருக்கு. ரெண்டையும் சேர்த்துப் பார்க்கறது வழிவழியா வந்த பழக்கம்.

நீங்க சொல்ற அந்த ஒரு மணி நேரம் மட்டும் கட்டாயம் வேணும். அதை முழுசா ஏத்துக்கறேன் ஐயா.

தாரமங்கலம் பெரியவர்
ஆடிப் பதினெட்டை நீங்கள் சொன்னதும் மறுக்க வழியில்லை அம்மா. கோயிலை முதலில் வைத்து, மனம் விட்டுத் தரிசித்து, பிறகு எங்கே வேண்டுமானாலும் போகட்டும். அவ்வளவுதான் என் கோரிக்கை.

மேட்டூர்க்காரன்
எங்க ஊர் பேச்சு வந்துடுச்சு, நான் வராம இருக்க முடியுமா.

தாரமங்கலத்தை நிதானமா முடிச்சுட்டு ஜலகண்டாபுரம் வழியா மேட்டூர் வாங்க. முன்கூட்டியே அணை நீர்மட்டம் என்னன்னு பேப்பர்ல பார்த்துக்கங்க, தினமும் போடுவாங்க. அதை வச்சுத்தான் அன்னைக்கு மேட்டூர்ல என்ன பார்க்கலாம்னு முடிவு பண்ணணும். முழுக் கொள்ளளவு 120 அடி, 93.47 டி.எம்.சி. அந்த அளவை ஒட்டி நின்னா கடல் மாதிரி. உபரி நீர் திறக்கிற நாளா இருந்தா 16 கண் மதகுல வெள்ளை வெளேர்னு கொட்டுறதைப் பாலத்துப் பக்கம் நின்னு பார்க்கலாம். சத்தம் நெஞ்சுக்குள்ள கேட்கும்.

நீர்மட்டம் நல்லா இறங்கியிருந்தா வேற காட்சி. கொளத்தூர் பக்கம் பண்ணவாடி பரிசல்துறைக்குப் போங்க. 1934-ல அணை கட்டி முடிச்சப்ப முழுகிப்போன ஊர்களோட அடையாளம் அங்க வெளிய வரும். ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி, பழைய கிறிஸ்தவ தேவாலயத்துக் கோபுரம். 2024 கோடையில மட்டம் 50 அடிக்கும் கீழ போனப்ப நந்தி முழு உடம்போட வெயில்ல உட்கார்ந்திருந்துச்சு. சனங்க மாலை போட்டுக் கும்பிட்டாங்க. எங்க தாத்தா தலைமுறை விட்டுட்டு வந்த ஊர் அது. வயலு, வீடு, கோயில் எல்லாத்தையும் தண்ணிக்குக் கொடுத்துட்டு மேட்டுல வந்து குடியேறுனவங்க. டெல்டாவுல மூணு போகம் நெல் விளைஞ்சதுக்குப் பின்னால எங்க சனங்களோட முழுகிப்போன ஊர்களும் இருக்கு. அணையைப் பார்க்க வர்றவங்க இதையும் தெரிஞ்சுக்கிட்டுப் போகணும்னு எனக்கு ஆசை.

டிசம்பர் கடைசியில பெரும்பாலும் தண்ணி ஓரளவு நிறைஞ்சேதான் இருக்கும், அதனால நந்தி தெரியும்னு எதிர்பார்த்து வராதீங்க. அணைப் பூங்கா பசங்களுக்கு நல்லா இருக்கும். தரை சமமா இருக்கிறதால அம்மாவும் நடக்கலாம். முனியப்பனைப் பார்த்துட்டு, கடைசியா மீன். அங்கயே எண்ணெயில போட்டு எடுத்துக் கொடுப்பாங்க. கட்லா, ரோகு, ஜிலேபி. அம்மா அன்னைக்குக் கோயிலுக்காகச் சைவமா இருந்தா, அவங்களுக்கு வீட்டுலேர்ந்தே புளிசாதம் கட்டிட்டு வந்துடுங்க.

குளிக்கிற விஷயத்துல கண்டிப்பா இருங்க. படித்துறை இருக்கிற இடத்தை விட்டு ஒரு அடி தள்ளிக்கூட இறங்கக் கூடாது. அணைக்குக் கீழ ஆறு அமைதியாத்தான் தெரியும். தண்ணி திறக்கிற அளவு கூடுனா கொஞ்ச நேரத்துல இடுப்பளவு ஏறிடும். பாறைக்கு நடுவுல சுழல் இருக்கு. நீச்சல் தெரிஞ்ச வெளியூர்ப் பசங்கதான் அதிகமா போயிருக்காங்க.

சூரமங்கலத்தான்
மேட்டூர் அண்ணா, முழுகிப்போன ஊர் கதையை அப்பாகிட்ட படிச்சுக் காட்டினேன். அவரோட பெரியம்மா வீடு அந்தப் பக்கம்தானாம், இன்னைக்குத்தான் சொல்றார். அப்ப பவானியையும் திருச்செங்கோட்டையும் வேற நாளுக்குத் தள்ளிடறேன்.

கொல்லிமலைதான் பாக்கி. யாரும் பேசலையே?

ராசிபுரம் நெய்
நான் வேண்டாம்னுதான் சொல்லுவேன். காரவள்ளி அடிவாரத்துலேர்ந்து 70 கொண்டை ஊசி வளைவு. ஏற்காட்டுல பாதி வழியிலேயே வாந்தி எடுக்கிற பசங்க இருந்தா இங்க என்ன ஆகும்? மேல போயும் இடத்துக்கு இடம் தூரம். ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் மேல படி இறங்கணும், இறங்குனதை மறுபடி ஏறணும். மூட்டு வலிக்காரங்களைப் பத்தி நினைச்சே பார்க்கக் கூடாது. நாமக்கல்லையும் சேர்த்து அதே நாள்னா ராத்திரி பத்துக்கு இறங்க வேண்டியிருக்கும், இருட்டுல அந்த வளைவுங்க வேண்டவே வேண்டாம்.

சோளக்காடு
ராசிபுரத்தார் சொல்றதுல பாதிக்கு நான் ஒத்துக்கறேன். நாமக்கல்லைச் சேர்க்காதீங்க, ஆகாய கங்கையில அம்மாவை இறக்காதீங்க. ஆனா கொல்லிமலையே வேண்டாம்னு சொல்றது சரியில்லைங்க. எங்க மலைக்கு வயசானவங்க காலங்காலமா வந்துட்டுத்தான் இருக்காங்க.

70 வளைவு வேண்டாம்னா நாமகிரிப்பேட்டை, முள்ளுக்குறிச்சி வழியா ஏறுங்க. அந்தப் பாதையில அவ்வளவு வளைவு கிடையாது. விடிகாலையில கிளம்புனா காலைப் பூஜை நேரத்துக்கு அறப்பளீஸ்வரர் சன்னிதியில இருக்கலாம். தேவாரத்துல பேர் சொல்லியிருக்கிற பழைய தலம் இது. கோயில் பக்கத்துல ஐயாறு ஓடுது, அந்த மீனுங்களைச் சாமி மீனாப் பார்க்கறோம். பொரி போட்டா கூட்டமா வரும், பிடிக்கக் கூடாது. பசங்களுக்கு அதுவே போதும்.

ஆகாய கங்கைக்கு மச்சானும் பெரிய பசங்களும் மட்டும் போகட்டும். அம்மா, அப்பா கோயில் மண்டபத்துலயே நிழல்ல உட்காரலாம், பேச ஆள் கிடைப்பாங்க. படியில போறவங்க குச்சி ஊனிக்கிட்டு நிதானமா இறங்கணும், ஏறும்போது நிறுத்தி நிறுத்தி ஏறணும். பெருமழைக்கு அப்புறம்னா அருவிக்கு விட மாட்டாங்க. அப்ப மாசிலா அருவி பக்கம் போகலாம், நடை குறைவு. மத்தியானம் வாசலூர்ப்பட்டி படகுத்துறை, அப்புறம் எட்டுக்கை அம்மன். நாலு மணிக்குள்ள இறங்க ஆரம்பிச்சுடுங்க.

இறங்கும்போது ரெண்டாவது கியர். பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இறங்கினா சூடாகிக் கருகுன வாசம் வரும், அப்புறம் பிரேக் பிடிக்காது. மலை ஏறிப் பழகாதவர் யாரும் ஸ்டியரிங்கைத் தொட வேண்டாம். ஏறி வர்ற வண்டிக்கு வழி விட்டு நில்லுங்க.

ராசிபுரம் நெய்
முள்ளுக்குறிச்சி வழின்னா நானும் சரிங்கறேன். அந்த ரோடு பத்தி யோசிக்கல. வாந்தி வர்ற பிள்ளையை முன் சீட்டுல உட்கார வைங்க, வெறும் வயித்தோடவும் ஏத்தாதீங்க, வயிறு முட்டச் சாப்பிட்டும் ஏத்தாதீங்க. இட்லி ரெண்டு போதும்.

பஸ்பிரியன்
கியர் விஷயம் ஏற்காட்டுக்கும் அப்படியே பொருந்தும். 2024 ஏப்ரல் 30 அன்னைக்கு ஏற்காட்டுலேர்ந்து இறங்குன தனியார் பஸ் ஒண்ணு தடுப்பை உடைச்சுக் கவிழ்ந்து உயிர்ப்பலி ஆச்சு. அதே வருஷம் டிசம்பர் தொடக்கத்துல ஃபெஞ்சல் புயல் மழையில மலைப்பாதையில மண் சரிஞ்சு போக்குவரத்தே நின்னுச்சு. மழை எச்சரிக்கை இருந்தா அன்னைக்கு மலையை விட்டுட்டு சமவெளிக் கோயிலுக்குப் போங்க.

எடப்பாடி ரோடு
ஏன் இவ்வளவு அலைச்சல்? ஏற்காட்டுல பகலுக்கு மட்டும் ரூம் கொடுக்கிற ரிசார்ட் இருக்கு. பெரியவங்க அங்க படுத்து ஓய்வெடுக்கட்டும், மத்தவங்க சுத்திட்டு வரட்டும்.

நாகலூர் மிளகு
ஏற்காட்டு நாளுக்கு அது நல்ல யோசனை. மத்தியானம் ரெண்டு மணி நேரம் கால் நீட்டிப் படுக்க இடம் இருந்தா உங்க அம்மா சாயங்காலம் தெம்பா இருப்பாங்க. லீவு நாள்ல வாடகை ஏறியிருக்கும், முன்னாடியே பேசிடுங்க. இல்லேன்னா தாவரவியல் ஆய்வு நிறுவனத்துத் தோட்டம் இருக்கு, ஆர்க்கிட் நிறைய. மர நிழல்ல உட்காரலாம், சத்தம் கிடையாது. ஏரிக்கரை கூட்டத்துல நிக்கிறதுக்கு அது எவ்வளவோ மேல்.

கிளியூர் அருவி பத்தி மச்சான் கேட்பார். ஏரி நிரம்பி வழிஞ்சாத்தான் அதுல தண்ணி. படி செங்குத்து, பாசி வழுக்கும். மழை நின்னு கொஞ்ச நாள் ஆகியிருந்தா வெறும் பாறைதான்.

சூரமங்கலத்தான்
எல்லாரும் சொன்னதை வச்சு மாத்திட்டேன்.

கிழக்கே: கந்தாஸ்ரமம், முத்துமலை, முட்டல் ஏரி. தண்ணி பார்த்துட்டு ஆனைவாரி.
வடக்கே: ஏற்காடு மட்டும். முதல்ல சேர்வராயன், மத்தியானம் ஓய்வு, சாயங்காலம் ஏரி.
மேற்கே: தாரமங்கலம் ஒரு மணி நேரத்துக்குக் குறையாம, அப்புறம் மேட்டூர்.
கொல்லிமலை முள்ளுக்குறிச்சி வழியா, நாமக்கல் இல்லாம.
நாமக்கல்லும் திருச்செங்கோடும் சேர்த்து ஒரு நாள். பவானி பொங்கலுக்கு அப்புறம்.

கந்தாஸ்ரமத்துல படி நிறையவா? நாமக்கல்லுக்கு எந்த நாள் போகலாம்?

கன்னங்குறிச்சி அக்கா
கந்தாஸ்ரமத்துக்கு வண்டி மேல வரைக்கும் போகும், கொஞ்சம் படிதான், கைப்பிடி பிடிச்சுக்கிட்டு ஏறலாம். அங்க முருகனும் அம்மனும் எதிரெதிர் சன்னிதி, நடுவுல நின்னா ரெண்டு பேரையும் பார்க்கலாம். உங்க அம்மாவுக்கு ரொம்பப் பிடிக்கும்.

நாமக்கல் போறதுக்கு முன்னாடி காலண்டரைப் பாருங்க. மார்கழி அமாவாசையை ஒட்டி அனுமன் ஜெயந்தி வரும். அன்னைக்கு ஆஞ்சநேயருக்கு 1,00,008 வடை மாலை, ஊரே நிக்க இடமில்லாம இருக்கும். அந்த அலங்காரத்தைப் பார்க்கணும்னே போறவங்களுக்குப் பெரிய பாக்கியம், ஆனா மூட்டு வலியோட வரிசையில நிக்க முடியாது. ஒரு நாள் முன்னாடியோ ரெண்டு நாள் கழிச்சோ போங்க. 18 அடி ஆஞ்சநேயர், மேல கூரை கிடையாது, வெட்ட வெளியில நின்னு எதிர்ல நரசிம்மரைக் கும்பிட்டுட்டு இருப்பார். அவரைப் பார்த்துட்டு விட்டுடாம குடைவரை நரசிம்மரையும் பாருங்க, மலையோட அந்தப் பக்கம் அரங்கநாதர். அரங்கநாதருக்குப் படி இருக்கு, அம்மா கீழயே இருக்கலாம்.

திருச்செங்கோட்டுக்கு 1,200 படின்னு பயந்துடாதீங்க, மலை மேல வரைக்கும் ரோடு இருக்கு. அர்த்தநாரீஸ்வரர் பாதத்துல ஊறுற தீர்த்தத்தைக் கொடுப்பாங்க, சின்னப் பாட்டில் எடுத்துட்டுப் போங்க.

சோளக்காடு
கொல்லிமலை மேல வந்தா சந்தையில மிளகு, மலைவாழை வாங்கிக்கங்க. விளைவிச்சவங்க கையிலேயே நேரா காசு கொடுத்து வாங்குங்க. அதிகமா பேரம் பேசாதீங்க, தலைச்சுமையா எடுத்துட்டு வந்து விக்கிறவங்க. பலாவுக்கு இது சீசன் இல்ல, கோடையில வந்தா கிடைக்கும்.

மேட்டூர்க்காரன்
தம்பி, நீங்க வர்ற நாளை முன்கூட்டிச் சொல்லுங்க. அப்பாவோட பெரியம்மா ஊர் பேரும் கேட்டு வைங்க. தண்ணி எவ்வளவு இருந்தாலும் பண்ணவாடிக் கரையில நின்னா அந்த ஊர் எந்தத் திசையில இருந்துச்சுன்னு காட்டுற பெரியவங்க இன்னும் இருக்காங்க. காலையில போனா பரிசல்துறையில அவங்களைப் பார்க்கலாம். வெயில் ஏறுனா வீட்டுக்குப் போயிடுவாங்க, அதனால அன்னைக்கு மட்டும் தாரமங்கலத்தைச் சாயங்காலத்துக்கு மாத்திக்கங்க. பெரியவர் ஐயா கோவிச்சுக்க மாட்டார்னு நினைக்கிறேன்.

தாரமங்கலம் பெரியவர்
தாராளமாக. மேற்கு பார்த்த சன்னிதிக்கு மாலைதான் இன்னும் பொருத்தம். நடை திறந்தவுடன் வந்தால் தூண்களின் மேல் நல்ல வெளிச்சம் இருக்கும். பிள்ளைகளை வாலி தூணுக்கு முன்னால் நிறுத்திவிட்டு நீங்கள் இராமன் பக்கம் போய் நில்லுங்கள். முனியப்பனுக்கும் மீனுக்கும் இடையில் எங்கள் கைலாசநாதர் வந்துவிட்டதால், மீனை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.